குதிரை ஏறும் கல்

புங்கவலசு,
யுவ வருஷம் கார்த்திகை மாதம், வியாழக்கிழமை.

என் கண்ணான செங்கோடனுக்கு அம்மா சென்னியம்மாள் மனசார வாழ்த்தி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் சித்தப்பா வீட்டாரும் ஆடு மாடுகளும் சுகமாகவே இருக்கிறோம். அங்கே பம்பாயில் நீ எப்படி இருக்கிறாய் என்பதை இன்னும் நாலு வரி கூட்டி எழுதினால் குறைந்தா போய்விடுவாய், சுகம் என்கிற ஒற்றை வார்த்தையைப் படித்து எனக்கு வயிறு நிறையவில்லை. மில்லில் பஞ்சுத் தூசி மூக்கில் ஏறாமல் துண்டைக் கட்டிக்கொள்கிறாயா, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா, அந்த ஊர் ரொட்டியைத் தின்று உடம்பு இளைத்துவிட்டதா, இதெல்லாம் எழுது. ஐப்பசி மழை இந்த வருஷம் நமக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, கிணற்றில் தண்ணீர் மேலேறி நிற்கிறது, சோளம் கதிர் வாங்கிவிட்டது, கிளிகளோடுதான் ஓயாத சண்டை. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நீ தை மாதம் மாப்பிள்ளையாக வரும்போது வீட்டில் பாலுக்குக் குறைவிருக்காது.

வழக்கம்போல வாத்தியாரிடம் சொல்லி எழுதிவாங்காமல் இதை நானே எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாக இருக்கும், சிரிக்காதே, நீ சிலேட்டில் எழுதிப் பழகியபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்துத்தானே, உன் எழுத்தும் அப்போது இதே லட்சணம்தான். வாத்தியார் நல்லவர், ஆனால் அவர் காதில் விழுந்தது பொழுதோடு ஊர்க் கிணற்றடிக்கு வந்துவிடும். ஆகையால் இதை நீயும் தனியாக உட்கார்ந்து படி. போன கடிதத்தில், சீருக்குச் சித்திக்கு என்ன நிறத்தில் சேலை எடுக்கட்டும் என்று கேட்டிருந்தாய். உன் சித்தி ராசாத்தாளைக் கேட்டேன், நல்ல அரக்குச் சிவப்பில் அகலக் கரை போட்டதாக வேண்டுமாம், பார்த்தவுடனே பம்பாய்ச் சரக்கு என்று தெரியவேண்டுமாம். அதை எழுதிப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அதற்குள் ஒரு காரியம் நடந்துபோயிற்று. அடியிலிருந்து சொன்னால்தான் விளங்கும், பொறுமையாகப் படி.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஊரை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது, ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பெண் வீட்டுக்குப் புறப்படும் முன்னால் மாப்பிள்ளை நாட்டுக்கல்லைச் சுற்றிவந்து கும்பிட்டு, அந்தக் கல்லடியிலேயே பெற்ற தாயோடு ஓர் இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்டு எழுந்ததும் தாய்க்குச் சேலை கொடுக்க வேண்டும். தாய் தாலியறுத்தவளாக இருந்தால் அவள் அந்தப் பக்கமே வரக்கூடாது, அவளுக்குப் பதிலாகப் பூவும் பொட்டுமாக ஒருத்தி உட்காருவாள். அதனால்தான் சித்திக்குச் சேலை. நீ கேட்டதில் குற்றம் ஒன்றும் இல்லை சாமி, எல்லாரும் செய்கிறதைத்தான் நீயும் செய்யப் பார்த்தாய், நானும் இத்தனை நாள் அதுதான் சரி என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் தங்கை கல்யாணத்தில் நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. சமையல் கொட்டகையில் புகைக்குள் நின்றுகொண்டிருந்தேன், மேளம் வேகமாகக் கொட்டியதை வைத்துத்தான் தாலி கட்டியாயிற்று என்று தெரிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குப் புகையைச் சாக்குச் சொன்னேன். அப்போதும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

இனித் தளவாய் வீட்டுச் சேதிக்கு வருகிறேன். நீ இருந்தபோது வௌவால் அடைந்து கிடந்ததே தளவாய் மசக்காளிக் கவுண்டர் மாளிகை, அது இப்போது மியூசியம் ஆகிவிட்டது. வாரிசுக்காரர்களில் கடைசியாக இருந்தவர் ஒரு சங்கத்தாரிடம் எழுதிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார், அவர்கள் சுவரைப் பூசி, கதவுக்கு எண்ணெய் போட்டு, தளவாயின் கத்தி கேடயமெல்லாம் கண்ணாடிக்குள் வைத்து, கவனிக்கப் பாலக்காட்டிலிருந்து பாலகோபால் என்று ஒருவரையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுக்கல் அந்த மாளிகை மதிலுக்குள் உள்வாசலில் அல்லவா நிற்கிறது, முன்பு சும்மா கிடந்த வீடு, நினைத்தபோது உள்ளே போய்ச் சீரைச் செய்து வந்தோம், இப்போது கேட்காமல் நுழைய முடியாது. உன் சித்தப்பா தாராபுரத்துக்கு நடையாய் நடந்து சங்கத்தாரைப் பார்த்து, வாசலில் சீர் செய்துகொள்ள அனுமதி வாங்கிவிட்டார். அடுப்பு மூட்டக் கூடாது, பார்க்க வருகிற ஜனங்களை நிறுத்தக் கூடாது, மியூசியம் எப்போதும்போல் திறந்திருக்கும், இதற்குச் சம்மதித்தால் செய்துகொள்ளலாம் என்றார்களாம். தளவாய் மாளிகையிலே எங்கள் பையனுக்குச் சீர் என்று அவர் நாலு ஊருக்கும் சொல்லி மீசையை முறுக்கிக்கொண்டிருக்கிறார்.

போன திங்கட்கிழமை ராசாத்தாள் என்னிடம் வந்து, ஏனுங்க்கா, சீரன்னிக்கு நீங்க அங்க வரப்படாதுங்களே, முன்னாடியே ஒருநாளைக்குப் போயி அந்தக் கல்லுப் பக்கத்தைக் கூட்டிப் பெருக்கி வெச்சுப்போட்டு வந்துருங்க என்றாள். மனசில் வஞ்சகம் வைத்துச் சொல்லவில்லை, உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. கூட்டுகிற விளக்குமாறு உள்ளே போகலாம், கூட்டுகிறவள் சீரன்றைக்கு எட்டிப் பார்க்கக் கூடாதா. சரி ஆகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு மறுநாளே வண்டியைப் பூட்டச் சொன்னேன்.

வண்டியோட்டி வந்தவன் நம் தோட்டத்து மாசாணம். உங்கள் அப்பா கண்ணை மூடிய வருஷத்தில், நீ இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு திரிந்தபோது, கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்க ஆளில்லாமல் நான் நின்றேனே, அப்போது மாட்டின் பின்னால் அவனும் வாய்க்காலில் நானுமாகத் தண்ணீர் கட்டித்தான் அந்த வருஷம் கம்பு விளைந்தது. அப்படிப்பட்டவன் இன்றைக்கும் நம் தெருவுக்குள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறான். மாளிகை வெளிவாசலுக்கு வந்ததும், நீங்க போய்ட்டு வாங்காத்தா, நான் வண்டிகிட்டவே அக்கட்டால நின்னுக்கறனுங்க என்றான். நானும் சரி என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாலகோபால் படியில் நின்றுகொண்டு இருவரையும் கூப்பிட்டு, சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஜாதி வித்தியாசமின்றி, ஆண் பெண் வித்தியாசமின்றி யாவரும் வரலாம், இவ்விடத்தில் யாரும் யாரையும் விலகி நிற்கச் சொல்லக் கூடாது என்று எழுதியிருக்கிறது. எழுதிக்கொடுத்தவர் போட்ட நிபந்தனையாம், மீறினால் வீடே சங்கத்தாருக்கு இல்லை என்று ஆகிவிடுமாம். செருப்பை மட்டும் எல்லாரும் வெளியே விட வேண்டும். என் செருப்பும் அவன் செருப்பும் ஒரே மூலையில் கிடந்தன, எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

உள்ளே எல்லாம் பார்த்தோம். தளவாயின் வாள் என் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல், அதன் முன்னால் யாரோ எலுமிச்சம்பழமும் வெற்றிலையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் போட்ட தோல் பூட்ஸுக்குக்கூட நம் ஜனங்கள் சந்தனம் பூசிவிடுகிறார்களாம், தினம் காலையில் அதைத் துடைத்துத் துடைத்துக் கை தேய்ந்துவிட்டது என்று பாலகோபால் அழாக்குறையாகச் சொன்னார். கட்டிலைப் பார்த்தால் உன் கட்டிலைவிடச் சின்னது, அத்தனை பெரிய மனுஷர் காலை மடக்கிக்கொண்டா படுத்தார் என்று கேட்டேன், அவர் படுத்த நாட்கள் குறைவு என்றார் பாலகோபால். மாசாணம் குதிரைச் சேணத்தின் முன்னால் நின்று நகரவே இல்லை. நாட்டார் கூடிப் பேசுகிற பெரிய அறையில் தளவாயின் நாற்காலி இருக்கிறது, அங்கே நின்று பாலகோபால் ஒரு சங்கதி சொன்னார். ஆற்றுத் துறை யாருக்கு என்று எதிராளிகளோடு தகராறு வந்தபோது, பேசித் தீர்ப்போம் வா என்று அவர்கள் ஓலை விட்டார்களாம். தளவாய் பதில் ஓலை அனுப்பாமல் விடியும் முன்னே குதிரையோடு போய்த் துறையில் நின்றுகொண்டாராம். அவர்கள் வந்து விலகு என்றதற்கு, நான் நின்றாயிற்று, இனிப் பேசலாம் என்றாராம். சண்டையிலும் சரி, நாட்டார் பஞ்சாயத்திலும் சரி, முதலில் போய் நின்றுகொள்வது, பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வது, இதுதான் அவர் வழியாம். எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பிறகு வாசலுக்கு வந்து கல்லைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வந்ததே ஆத்திரம், இன்னும் கொஞ்சம் இருந்தால் அந்த ஆளை அடித்தே போட்டிருப்பேன். தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கருகருவென்று மினுங்கிய கல்லை, அழுக்கு என்று நினைத்துப் புளி போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து அம்மிக்கல்லாட்டம் வெளுக்கவைத்து, சுற்றிலும் கயிறு கட்டி, முன்னால் ஓர் அட்டை வைத்திருக்கிறார். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா, தளவாய் குதிரை ஏறும் கல் என்று. நான் கயிற்றுக்குள் கையை விட்டுக் கல்லைத் தொட்டேன், அவர் அம்மே தொடல்லே தொடல்லே என்று ஓடி வந்தார். ஏனுங்க, இது எங்க நாட்டுக்கல்லுங்க, மாப்பிள்ளைமாரு கும்புட்டுப்போட்டுப் போற கல்லுங்க, இதுமேல கால வெச்சுக் குதிரை ஏறுனாருன்னு எழுதிப்போட்டீங்களே, நெஞ்சு பொறுக்குமுங்களா என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற நம் மாடுகள் மிரண்டுவிட்டன. பாவம், அந்த ஆள் வெலவெலத்துப்போனார். படி மாதிரி உயரமாக வாசலில் நின்றதால் அப்படி நினைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும், இன்றைக்கே சங்கத்தாருக்கு எழுதுகிறேன், நாட்டுக்கல் என்றால் அது மியூசியத்துச் சாமானே இல்லை, கயிற்றை அவிழ்த்து உங்கள் ஊர்ப் பெரியவர்கள் கையில் ஒப்படைத்துவிடுவோம், அதன் பக்கம் யார் வரலாம் யார் வரக்கூடாது என்பதை அவர்களே அவர்கள் வழக்கப்படி வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

அப்போதுதான் கண்ணு எனக்குப் பொறி தட்டியது. பெரியவர்கள் கைக்குப் போனால் நான் மறுபடி சமையல் கொட்டகைக்குப் போக வேண்டியதுதான். குதிரை ஏறும் கல்லாக இருக்கிற வரைக்கும் அது மியூசியத்துச் சாமான், வெளிவாசல் பலகையில் எழுதியிருப்பதுதான் அதற்குச் சட்டம், அதன் பக்கத்தில் நிற்கிற என்னை அக்கட்டால போ என்று சொல்ல உன் சித்தப்பாவுக்கும் அதிகாரம் இல்லை, ஊருக்கும் இல்லை. சட்டென்று குரலைத் தணித்து, வேண்டாமுங்க, எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டுமுங்க, தை மாசம் தாண்டட்டும், அப்பறம் மாத்திக்கலாமுங்க என்றேன். மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், இப்போதுதானே சண்டைக்கு வந்தாள் என்று நினைத்திருப்பார். தளவாய் பேரில் கல் இருந்தால் தளவாய்க்குக் கோபம் வராது, கல்லுக்கும் கோபம் வராது, எண்ணெயை நாம் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். வண்டி ஏறும்போது மாசாணத்திடம், சீரன்றைக்கு நீயும் உள்ளே வந்து நிற்க வேண்டும் என்று சொன்னேன். பெரிய இடத்து ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வருவாங்காத்தா, நான் அக்கட்டால நின்னுக்கறனுங்க என்று திரும்பவும் அதே பேச்சைச் சொன்னான். எனக்குப் பலகையில் பாதி வேண்டும், அவனுக்குள்ள பாதி வேண்டாம் என்று நான் சொல்ல முடியுமா, சொன்னால் என்னை மனுஷி என்று யார் மதிப்பார்கள். கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எதையும் மூடி மறைக்கவில்லை. சீரில் நானே உட்காருவேன் என்று ராசாத்தாளிடம் சொன்னேன், அவள் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்ப் புருஷனிடம் சொல்லிவிட்டாள். உன் சித்தப்பா சோற்றுக் கையோடு எழுந்து வந்து, ஏனுங் நங்கையா, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா, ஊரு ஒறம்பரை என்ன பேசுமுங்க, பையன் நல்லாருக்க வேண்டாமுங்களா என்று குதித்தார். பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்தால் பையனுக்குக் கெடுதல் வரும் என்றால், அவன் பால் குடித்தபோதே வந்திருக்க வேண்டும் என்றேன். அப்படியானால் வேறு இடத்தில் ஒரு கல்லை நட்டு அங்கே சீரை வைத்துக்கொள்வோம் என்றார். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், தளவாய் மாளிகையிலே சீர் என்று சொன்ன நாலு ஊருக்கும் போய் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். அவர் கையை உதறிக்கொண்டு, நான் கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார், அவர் வருவார், நீ விசனப்படாதே, உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர், நீ மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பதைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

இப்போது நீ மனசில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. கோபிசெட்டிபாளையத்தில் பெண் வீட்டாருக்கு இது இன்னும் தெரியாது. பாவாத்தாள் நல்ல பெண், நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்கிற பெண், எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, ஆனால் அவள் அப்பா என்ன சொல்வார் என்று நான் சொல்ல முடியாது. முறுக்கிக்கொண்டாலும் முறுக்கிக்கொள்ளலாம். அவர்களை ஏமாற்றிச் சீர் செய்ய எனக்கு இஷ்டமில்லை, நானே பஸ் ஏறிப் போய் அவர்கள் வாசலில் உட்கார்ந்து நேருக்கு நேர் சொல்லப் போகிறேன், மார்கழி பிறக்கும் முன்னால் போக வேண்டும். அதற்கு முன்னால் உன் வார்த்தை எனக்கு வேண்டும், ஏனென்றால் கல்யாணம் உன்னுடையது. கல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்பது என் பாடு, அதை யார் தடுத்தாலும் நான் கேட்கப் போவதில்லை, நீங்கள் மேளத்தோடு வரும்போது நான் முன்னாடியே அங்கே நின்றுகொண்டிருப்பேன். இலையில் என்னை உட்காரச் சொல்வது உன் பாடு. என்னை விலகி நிற்கச் சொல்ல இந்த உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் பாத்தியதை உண்டு, அது நீ. நீ வேண்டாம் என்று எழுதினால் ராசாத்தாள் உட்காரட்டும், நான் நின்றபடியே பார்த்துக்கொள்கிறேன். கோபம் வராது என்று பொய் சொல்லமாட்டேன், வரும், ஆனால் வாயைத் திறக்கமாட்டேன். எனக்கு ஆசையாக இருக்கிறது கண்ணு, அவ்வளவுதான். நீ சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது.

மற்றபடி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரி விழவைத்துக்கொள்ளாதே, போத்தனூரில் இறங்குகிற நேரத்தை எழுது, மாசாணத்தை வண்டியோடு அனுப்புகிறேன். மில் துரையிடம் லீவை இப்போதே கேட்டு வைத்துக்கொள். நம் குலதெய்வமும் தாராபுரத்து ஆஞ்சநேயரும் உன்னைக் கைவிடாமல் காப்பாற்ற வேண்டும், நீ நூறு வயசு நிறைந்து, குடி தழைத்து, தலை நிமிர்ந்து வாழ வேண்டும். காகிதத்தில் எழுதுவது பாதி ஆசீர்வாதம்தான், மீதிப் பாதியை என் கையால் உன் தலையில் வைக்கக் காத்திருக்கிறேன்.

சேலைச் சமாசாரத்தை மறந்துவிடாதே. சித்திக்கு அவள் கேட்ட அரக்குச் சிவப்பையே அகலக் கரையாகப் பார்த்து எடு, ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாள், அதை வீட்டில் வைத்துக் கொடுப்போம். சீருக்கு எடுப்பது வேறு சேலை. உனக்குச் சம்மதமானால் எனக்குத் தனியாக ஒன்றும் எழுத வேண்டாம், சீர்ச் சேலையை வெள்ளையில் எடுத்துவிட்டேன் என்று உன் சித்தப்பாவுக்கு ஒரு வரி எழுதிப் போடு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா
சென்னியம்மாள்